யெஸ்டர்டே ஐ கோ

“டீச்சர், யெஸ்டர்டேன்னு போட்டுட்டேனே. அப்புறம் எதுக்கு ‘கோ’வை மாத்தணும்?”

சிவப்புப் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இன்று மாலை வகுப்பு. படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வருடப் பையன். ‘யெஸ்டர்டே ஐ கோ டு எஸ்டேட்’ என்று எழுதியிருந்தான். அந்த ‘கோ’வைத்தான் வட்டம் போட்டிருந்தேன்.

அவன் கேட்டது நியாயம். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்று போனாலும் ‘பெர்கி’, நாளை போனாலும் ‘பெர்கி’. முன்னால் ‘செமாலாம்’ என்று சேர்த்தால் போதும், நேற்று ஆகிவிடும். 6 வருடம் தமிழ்ப்பள்ளி, இப்போது பாடமெல்லாம் மலாயில். அவன் எழுதியது தப்பே இல்லாத மலாய் வாக்கியம், ஆங்கில வார்த்தைகளில்.

மதுரையில் பாடம் எடுத்தபோது பிள்ளைகளின் பிழைக்குள் தமிழ் தெரியும். இங்கே இன்னொரு மொழியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. மூன்று மொழியைச் சுமக்கிற பிள்ளையை ‘இங்கிலீஷில் வீக்’ என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

“வீட்டுல அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?”

“தோட்டத்துக்குப் போனேன்.”

“போறேன்னு சொல்ல மாட்டியா?”

“நேத்துதானே டீச்சர், போனேன்தான்.”

சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி போய்க்கொண்டிருந்தது. ரப்பரை எடுத்து ‘கோ’வை அழுத்தி அழித்தான். தாள் லேசாகக் கிழிந்தது. அந்தக் கிழிசலை ஒட்டியே ‘வென்ட்’ என்று எழுதினான்.

“அப்போ ‘சுடா’வுக்கு என்ன டீச்சர்?”

மலாயில் ‘சுடா’ என்றால் ‘ஏற்கெனவே, ஆகிவிட்டது’. சரி, அது நாளைக்கு.