குன்னூரில் தாங்கிய அச்சு செட்டிபாளையத்தில் உடைந்தது

மூன்று மழைக்காலங்களாகக் குன்னூரின் ஏற்றங்களில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடிய என் பழைய கான்டசா காரின் பின் அச்சு, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தின் சமதளத்தில், கிளட்சை விட்ட முதல் நொடியிலேயே உடைந்தது. 1.8 லிட்டர் இசுசு எஞ்சினுக்குப் பொருந்தியிருந்த அச்சோடு 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கோத்தவன் நான். ஆகவே குற்றமும் என்னுடையதே. அந்த மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிய கதை இதைவிட நீளமானது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஊட்டிக்கு அருகே கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தாக்குப்பிடித்த ஒன்று சமவெளியில் ஏன் முறிந்தது என்பதே என்னை உறங்கவிடாத கேள்வியாக இருந்தது.

விடை கணக்கில்தான் இருந்தது. பின் அச்சை உடைப்பது குதிரைத்திறன் அன்று. கியர்பெட்டியும் கிரவுன் பினியனும் (பின் அச்சில் சிறிய பினியனும் பெரிய கிரவுன் வீலும் சேர்ந்த பல்சக்கர இணை) பெருக்கிக் கொடுக்கும் முறுக்குவிசையே உடைக்கிறது. என் எஞ்சின் தருவது 280 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.25, பின் அச்சின் விகிதம் 4.1 என்று கொண்டு பெருக்கினால் சக்கரங்களுக்கு 3,731 நியூட்டன் மீட்டர் வந்து சேர வேண்டும். ஆனால் டயர் பிடிக்கிற அளவுக்கு மேல் அச்சின் மீது சுமை ஏறாது. பிடி விட்டதும் சக்கரம் சுழன்றுவிடும். பின்சக்கரங்களின் மேல் 700 கிலோ எடையும், டயரின் ஆரம் 0.3 மீட்டரும், டயரின் பிடிப்பைக் குறிக்கும் உராய்வுக் கெழு 1 ஆகவும் இருந்தால், டயர் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 2,060 நியூட்டன் மீட்டர்தான். மழையில் நனைந்த மலைச்சாலையில் உராய்வு பாதியாகக் குறைந்தால் அந்த எல்லையும் 1,030 ஆகிவிடும். போதாததற்கு, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கடல்மட்டத்தில் தருவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தரும். ஈரமும் மெல்லிய காற்றும் சேர்ந்து மூன்று ஆண்டுகள் என் அச்சைக் காத்திருக்கின்றன. நானோ அதை அச்சின் வலிமை என்று நம்பியிருந்தேன்.

செட்டிபாளையத்தில் அந்த இரண்டு காவலும் நீங்கின. அங்கே காற்று அடர்ந்திருந்தது, தளம் உலர்ந்திருந்தது, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பந்தய டயர்கள் வேறு இருந்தன. புறப்படும் உந்தலில் எடை பின்னால் சாய்ந்து பின்சக்கரங்களின் மேல் 850 கிலோ ஏறி, உராய்வுக் கெழுவும் 1.5 ஆகும் என்றால், டயரின் எல்லை 3,750ஐத் தொடுகிறது. எஞ்சின் தர முடிந்தது அத்தனையும் சறுக்காமல், அச்சுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டுக்குள் போனது என்று பொருள். கிளட்சை வெடுக்கென்று விடும்போது விழும் அடி இந்தக் கணக்கிலேயே வராது, அது தனி.

குன்னூரில் தேயிலை லாரிகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். உடைந்த ஷாஃப்ட்டை அவர் ஒதுக்கி வைத்துவிட்டு, உடையாத மற்றொன்றை மேசைமேல் வைத்துக் காட்டினார். அதன் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்பிளைன் பற்கள் கயிற்றின் புரியைப் போல இலேசாகத் திருகியிருந்தன. அதுவும் ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது. கீழே விழவில்லை, அவ்வளவே.

அமெரிக்கர்கள் இத்தகைய வண்டிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது, 1957இல் வந்த ஃபோர்டு 9 அங்குல அச்சு. அதில் பினியனின் தலைக்கு முன்னாலும் ஒரு பேரிங் இருப்பதால், சுமை ஏறும்போது பினியன் விலகி ஓடுவது குறைகிறது. கிரவுன் பினியன் முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம். ஆனால் அதன் பினியன், கிரவுன் வீலின் மையத்திலிருந்து மிகவும் தாழ்ந்து அமைந்திருப்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகமாக வழுக்கி, ஆற்றலைச் சூடாக இழக்கின்றன. 9.75 அங்குல கிரவுன் வீல் கொண்ட டானா 60 இன்னும் வலிது. என் செடானுக்கு அது வீண் பாரம். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவையும் நம் ஊர்ச் சாலைகளின் ஒட்டுப்போட்ட தார் இரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும்.

அதனால் உக்கடத்தின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து, ஒரு எஸ்யூவியின் பின் அச்சைத் தேர்ந்தேன். முதலில் பார்த்தது கிரவுன் வீலின் விட்டத்தை அன்று, ஷாஃப்ட்டின் மிக மெலிந்த இடத்தை. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 28 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்குப் பதிலாக 32 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்குத் தெரிவது நான்கு மில்லிமீட்டர். கிடைப்பது ஒன்றரை மடங்கு வலு. மேற்சொன்ன 3,731இல் பாதி ஒரு ஷாஃப்ட்டில் ஏறினால், 28 மில்லிமீட்டரில் தகைவு, அதாவது எஃகின் ஒவ்வொரு அலகுப் பரப்பிலும் விழும் விசை, ஏறத்தாழ 433 மெகாபாஸ்கல். 32இல் அது 290. இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் பொருத்தினால் ஒரே சக்கரத்துக்கு முழு முறுக்கும் போகக்கூடும் என்பதால், இந்தப் பாதிக் கணக்கே செல்லாது. நான் லாக்கரைத் தவிர்த்து, ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதை ஓரளவு மட்டும் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்போடு நின்றுகொண்டேன்.

அச்சின் அகலம் என் வண்டிக்கு அதிகமாக இருந்ததால் இருபுறக் குழாய்களையும் குறுக்க வேண்டியிருந்தது. பழைய ஷாஃப்ட்டை வெட்டி மீண்டும் பல் எடுத்துத் தருவதாக ஒரு லேத் பட்டறையில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கிய ஷாஃப்ட்டைக் கடைந்தால், போவது அந்தக் கடினத்தோல்தான். ஈ.என். 24 எஃகில், அமெரிக்கர்கள் 4340 என்று அழைக்கும் அதே வகையில், புதிதாகக் கடைந்து வெப்பப் பதமும் கொடுத்து வாங்கினேன். செலவைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை.

விகிதத்திலும் ஒரு சபலம் வந்தது. மலையேற 4.5க்கு மேல் வைத்துக்கொள் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதே கிரவுன் வீலில் விகிதம் கூடக்கூடப் பினியன் சிறுத்து, பற்களும் குறைகின்றன. எஞ்சினுக்கே இவ்வளவு இழுவை இருக்கும்போது அந்தத் தியாகம் தேவையில்லை என்று 3.7இல் நிறுத்திக்கொண்டேன்; ஷாஃப்ட்டுக்கும் சுமை பத்து சதவீதம் குறைந்தது.

பூட்டுவதற்கு முன், அண்ணன் ஒவ்வொரு ஷாஃப்ட்டின் நீளத்துக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு நேர்க்கோடு இழுத்தார். ஷாஃப்ட் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டால் கோடு வளையும். உடையும் முன்பே தெரிந்துவிடும். புதிய கிரவுன் பினியனை முதல் சில நூறு கிலோமீட்டர்கள் சுமையில்லாமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. வாசலைத் தாண்டினாலே ஏற்றமாக இருக்கிற ஊரில் அது நடக்காத காரியம் என்பதால், வண்டியை லாரியில் ஏற்றி இறக்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் சாலையில் வைகறை நேரங்களில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 800 கிலோமீட்டர் ஆனதும் ஜி.எல்.5 வகை கியர் எண்ணெயை மாற்றி, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் 210 பாக்கி.