கீத்லியிலிருந்து யார்க் வரை: ஸ்கெலிட்டல் ஃபேமிலியைத் தேடி

வட இங்கிலாந்தின் லீட்ஸில் ஸ்கிப்டன் பக்கம் போகும் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் கீத்லி. பலகையில் உள்ள எழுத்தை (Keighley) பார்த்து 'கெய்லி' என்று டிக்கெட் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'கீத்லி'. கம்பளி ஆலைகளால் வளர்ந்த இந்த ஊரில்தான் 1982இல் ஸ்கெலிட்டல் ஃபேமிலி என்ற கோத் ராக் இசைக்குழு உருவானது.

கோத் ராக் என்ற இருண்ட தொனி கொண்ட ராக் இசை என்றதும் லீட்ஸைத்தான் சொல்வார்கள். அங்கே சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, மார்ச் வயலட்ஸ் ஆகிய குழுக்கள் டிரம்மருக்குப் பதில் டிரம் மெஷினை வைத்துக்கொண்டார்கள். கீத்லிக்காரர்களிடம் டிரம் அடிக்க ஆள் இருந்தார். அந்த உயிர்ப்பு முதல் பாட்டிலேயே காதில் விழும். கிடார் ஸ்டான் கிரீன்வுட், பேஸ் ராஜர் நோவெல், கீபோர்டும் சாக்ஸஃபோனும் கார்ல் ஹைன்ஸ், குரல் ஆன்-மேரி ஹர்ஸ்ட். குழுவின் பெயரைப் பாடகர் டேவிட் போவியின் 1974 ஆல்பமான 'டைமண்ட் டாக்ஸ்'இன் கடைசிப் பாட்டுத் தலைப்பிலிருந்து எடுத்தார்கள்.

கீத்லியில் 3, 4ஆம் பிளாட்ஃபார்ம்கள் ஹாவொர்த் வழியாக ஆக்ஸன்ஹோப் போகும் நீராவி ரயிலுக்கானவை. ஐந்து மைல்தான். லீட்ஸ் டிக்கெட் அதில் செல்லாது. தினமும் ஓடாது, குளிர்காலத்தில் ரொம்பக் குறைவு. அட்டவணை பார்க்காமல் போனால் ஏமாற்றம்தான்.

இசைக்குழுவின் கதை புரிய யார்க் போக வேண்டும். லீட்ஸில் வண்டி மாறும்போது கவனம்: நேர் வண்டியில் அரை மணிக்குள் போய்விடலாம், ஹாரோகேட் வழி வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். 1983இல் முதல் சிங்கிள் 'ட்ரீஸ்' லக்கேஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளில் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வந்தது. அடுத்து அவர்களை எடுத்துக்கொண்டது யார்க்கின் ரெட் ரைனோ. அது ஒரு ரெக்கார்டு கடை, லேபிள், விநியோகஸ்தர் எல்லாமுமாக இருந்தது. பிரிட்டனின் சுயேச்சைக் கடைகள் சேர்ந்து நடத்திய 'கார்ட்டெல்' விநியோக வலையில் அதுவும் ஒரு கண்ணி. லண்டனைக் கும்பிடாமலே நாடெங்கும் தட்டு போய்ச் சேர்ந்தது இதனால்தான். 'பர்னிங் ஆயில்' (1984), 'ஃபியூட்டைல் காம்பாட்' (1985) ஆகிய ஆல்பங்கள் இரண்டும் இந்த வழியில் வந்தவை. இவர்களின் உச்சமும் இவைதான்.

1985இல் ஹர்ஸ்ட் விலகி, சிஸ்டர்ஸ் கிடாரிஸ்ட் கேரி மார்க்ஸுடன் கோஸ்ட் டான்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். மிச்சம் இருந்தவர்கள் கத்ரீனா பிலிப்ஸைப் பாட வைத்து கிரிசாலிஸ் என்ற பெரிய லேபிளுக்குப் போனார்கள். கூர்மை மழுங்கி, மெருகு கூடியது, 1986லேயே கலைந்தார்கள். கோஸ்ட் டான்ஸும் அதே கிரிசாலிஸில் 1989இல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு முடிந்துபோனது.

பழைய தட்டு வாங்குவோர் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 1986 கிரிசாலிஸ் தட்டுகளில் பாடுவது ஹர்ஸ்ட் இல்லை. 2002இல் மீண்டும் கூடிய பிறகு வந்த 'சகுரா'விலும் (2005) குரல் வேறு. ஹர்ஸ்ட் திரும்பி வந்து பாடியது 2023இல் வந்த 'லைட் ஃப்ரம் டார்க்'. முதலில் 'பர்னிங் ஆயில்' கேட்டுவிட்டு நேரே இதற்கு வாருங்கள்.