நான் மத்தியஸ்தர் இல்லை

"தம்பி, நடுவுல இருக்கிறவர் நீங்கதான். நியாயமா எவ்வளவு தரலாம்னு நீங்களே ஒரு தொகை சொல்லுங்க."

ஊதிய உயர்வுப் பேச்சில் தொழிற்சங்கத் தலைவர் என்னிடம் இப்படிக் கேட்டார். "ஐயா, நான் மத்தியஸ்தர் இல்லை. நிர்வாகத்துக்காகப் பேச வந்திருக்கேன்" என்று பதில் சொன்னேன். சொன்னது உண்மைதான், ஆனாலும் அந்தப் பதில் இன்னும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அவர் குழம்பியதில் வியப்பில்லை. நிர்வாகம் ஒன்று சொல்லும், அதைக் கொண்டுபோய்ச் சொல்வேன். சங்கம் ஒன்று சொல்லும், அதைத் திரும்பக் கொண்டுவருவேன். பார்ப்பவர்களுக்கு அது நடுவில் நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் பேச்சுவார்த்தை நடத்துபவர் ஒரு பக்கத்தின் ஆள். மத்தியஸ்தருக்குப் பக்கமும் கிடையாது, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் கிடையாது. நடுவர் என்றால் இரு தரப்பையும் கேட்டுவிட்டு முடிவைச் சொல்லிவிடுவார், அது கட்டுப்படுத்தும். 1945இல் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 33ஆவது பிரிவு, பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், சமரசம், நடுவர் தீர்ப்பு எல்லாவற்றையும் தனித்தனி வழிகளாகத்தான் அடுக்குகிறது. தரகர் இதிலெல்லாம் சேராதவர். பேரம் படிந்தால்தான் அவருக்குக் காசு, அது யாருக்கு நல்லது என்பது அவர் கவலை அல்ல.

அன்று இந்தப் பாகுபாட்டையெல்லாம் யோசித்துப் பேசவில்லை. அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது புரிந்துவிட்டது, அதனால் பேசினேன். நடுவில் இருப்பவன் என்று நம்பி, தங்களால் எந்தத் தொகை வரை இறங்க முடியும் என்பதைச் சொல்லியிருப்பார். அது காதில் விழுந்த பிறகு, கேட்காதது போல நான் இருக்க முடியாது. நிர்வாகத்திடம் சொல்வதுதான் என் வேலை. ஆகவே அவர் வாயைத் திறக்கும் முன் தடுத்தேன். அதை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் சங்கடம். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேசும் பொறுப்பு சங்கத்தின் இளைய நிர்வாகி ஒருவரிடம் போனது, ஒவ்வொரு வரியும் எழுத்தில் வேண்டும் என்றார் அவர். பேச்சு இழுத்தது. இரவுப் பணிப்படி பற்றிய கோரிக்கையை, மற்றவை முடியட்டும் என்று அவர்களே கைவிட்டார்கள். கடைசியில் கையெழுத்தான தொகை, நான் தரலாம் என்று அனுமதி வாங்கியிருந்ததைவிடக் குறைவு. பெரியவர் கேட்டபோது என் மனதில் நியாயம் என்று இருந்த தொகையைவிடவும் குறைவு.

அந்தத் தொகையைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. என் தரப்பின் உச்ச வரம்பை நானே எப்படி வெளியிடுவது என்றும் தோன்றுகிறது. பணயக் கைதிகளை மீட்கும் பணியில் காவல் துறையினர் ஒரு விதியைக் கடைப்பிடிப்பது உண்டு: பேசுபவர் கட்டளையிடுவதில்லை, கட்டளையிடுபவர் பேசுவதில்லை. முடிவு கையில் இல்லாததால்தான் பேசுபவரால் பொறுமையாக நேரம் வாங்க முடிகிறது. என் நிலையும் அதுவே என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பணயக் கைதி விவகாரத்தில் எதிரில் இருப்பவர் யாரும் பேசுபவரிடம் நியாயம் கேட்பதில்லை. என்னிடம் கேட்டார்கள்.

தனக்கென ஒரு பக்கம் இருப்பவர் நடுவில் நிற்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 13 நாட்கள் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே வரைவுகளைச் சுமந்து அலைந்தார். அமெரிக்காவுக்கு அதில் சொந்த நலன் இருந்தது இரு தரப்புக்கும் தெரியும், தெரிந்தேதான் ஏற்றார்கள். இலங்கையில் 2002 போர் நிறுத்தத்தின்போது நோர்வேயை மத்தியஸ்தர் என்று சொல்லாமல் அனுசரணையாளர், அதாவது பேச்சு நடக்க உதவுபவர், என்றே குறிப்பிட்டார்கள். எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதற்கு அந்தப் பெயரே ஒரு வேலியாக இருந்தது. அதாவது, யார் என்ன என்பது முதலிலேயே தெரிந்திருந்தது. நான் சொன்னதோ நடுவழியில், பெரியவர் நம்பத் தொடங்கிய பிறகு. முதல் அமர்வில் நிர்வாகப் பிரதிநிதி என்று என்னை அறிமுகம் செய்தார்கள்தான். அது போதும் என்று நினைத்தேன். போதுமானதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

என் கூட வேலை பார்ப்பவர்கள், நிர்வாகத்துக்கு லாபமாக முடிந்த பேச்சு இது, இதில் வருந்த என்ன இருக்கிறது என்கிறார்கள். கணக்குப்படி சரி. ஆனால் உண்மையைச் சொன்னதால் ஒரு தரப்புக்கு நஷ்டம் வந்தது என்றால், அதை லாபம் என்று என்னால் எளிதாக எழுதிவைக்க முடியவில்லை. பொய்யாக நடுவில் நின்றிருந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்குமா? இல்லை, அவர் சொல்லும் அடிமட்டத் தொகையை வைத்தே நான் இன்னும் கீழே இறக்கியிருப்பேனா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று பெரும்பாலான நேரம் நம்புகிறேன்.

அடுத்து இன்னொரு பேச்சு வரப்போகிறது. இந்த முறை யாருக்காகப் பேசுகிறேன் என்பதை என் வாயாலேயே, முதல் பேச்சாகச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகும் யாராவது நியாயமான தொகை எது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.