கேஸ் ஹீட்டரைக் கழற்றினால் மட்டும் போதாது

எங்கள் ஊட்டிப் பக்கம் கேஸ் ஹீட்டரைக் கழற்றுவது என்றால் ரெகுலேட்டரை மூடு, டியூபைப் பிடுங்கு, ஹீட்டரைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போடு, அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. ஹீட்டருக்குப் பக்கத்திலேயே சிலிண்டரை வைத்து எரிக்கிற வீட்டில் அது ஓரளவு சரி. பழைய பங்களா வீடுகளில் கதையே வேறு. சமையலறைக்கு வெளியே சிலிண்டர் நிற்கும், அங்கிருந்து சுவரோடு செம்புக் குழாய் வரும், அடுப்புக்குப் போகிற வழியில் 'டீ' என்கிற மூன்று வாய் ஜாயிண்டைப் போட்டு இன்னொரு குழாயைப் பிரித்து ஹாலுக்குக் கொண்டுபோய், முன்பு விறகு எரித்த ஃபயர்பிளேஸுக்குள் ஹீட்டரை உட்கார வைத்திருப்பார்கள். அந்த மாதிரி வீட்டில் ஹீட்டரை எடுத்துவிடலாம், குழாய் அங்கேயே இருக்கும்.

எங்கள் சித்தப்பா வீடு அப்படித்தான். வாடகை வீடு, மரப்பலகைத் தரை. சித்திக்கு மூட்டுவலி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மேட்டுப்பாளையத்துக்கே இறங்கிவிடுவது என்று முடிவாகி, மூட்டை கட்டுகிற வேலையில் ஹீட்டரும் வந்தது. "வால்வை மூடிட்டேன்டா, கழட்டி வண்டியில ஏத்திடு" என்றார் சித்தப்பா. "மூடினது சரி சித்தப்பா, நாளைக்கு வர்றவங்க சிலிண்டரை மாட்டினா அடுப்புக்கு மட்டுமா கேஸ் போகும்? இங்கேயும்தானே வரும்?" என்று கேட்டேன். அவர் சோபாவைத் தள்ளிவிட்டு, குழாய் வந்து முடிகிற ஹால் மூலையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். வால்வு என்பது குழாய்க்குக் குறுக்கே திரும்பி நிற்கிற சின்ன மஞ்சள் கைப்பிடி. கால் சுற்றுதான். துடைப்பம் பட்டால் திரும்பும், தவழுகிற பிள்ளை பிடித்தால் திரும்பும். புதிதாகக் குடிவருகிறவருக்கு அந்த மூலையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே நாம் பாதுகாப்பது நம்மை மட்டுமல்ல, இனிமேல் அந்த வீட்டுக்கு வரப்போகிற முன்பின் தெரியாத குடும்பத்தையும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும், பள்ளம் பார்த்து இறங்கும். சமவெளி வீட்டில் கதவுக்கு அடியில் கொஞ்சமாவது வெளியேறும். நம் ஊரில் குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் துணியைத் திணித்து வைத்திருப்போம். பலகைத் தரை என்றால் இன்னும் மோசம், பலகைக்கு அடியில் காலியிடம் இருக்கும், இடுக்கு வழியாக கேஸ் அங்கே இறங்கித் தங்கிவிடும். கசிவு தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாற்றத்தையே கலந்து அனுப்புகிறார்கள், ஆனால் பலகைக்குக் கீழே தேங்கியது நின்றுகொண்டிருக்கிற ஆள் மூக்குக்கு உடனே எட்டும் என்று நம்பக் கூடாது. காற்றில் நூற்றில் 2 பங்கு அளவுக்குக் கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம். ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டர் பக்கம் ரெகுலேட்டரை மூட வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கிற கேஸ் எரிந்து தீர்ந்து தீ தானாக அணையும், அதற்கப்புறம்தான் ஹீட்டர் குமிழையும் சுவரோர வால்வையும் மூட வேண்டும். முதலில் ஹீட்டரை அணைத்துவிட்டால் குழாய் நிறைய கேஸ் அப்படியே நிற்கும், கழற்றுகிற நேரத்தில் அது முகத்துக்கு நேரே வரும். ஹீட்டருக்குள் சிவந்து கனன்ற பீங்கான் தட்டு ஆறுவதற்கு நேரம் கொடுங்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. அடுத்தது ரெகுலேட்டரையே கழற்றி, சிலிண்டர் வாயில் நூலோடு தொங்குகிற அந்த வெள்ளை மூடியைப் போட்டு அழுத்திவிட வேண்டும். அந்த மூடியைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தீ மங்கிவிட்டது, சிலிண்டர் காலி என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். இதை மலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். உறைபனி விழுகிற ஜனவரி விடியற்காலையில் வெளியே நிற்கிற சிலிண்டரில் பியூட்டேன் திரவமாகவே கிடக்கும், தீ சோர்ந்து போகும். பத்து மணி வெயில் பட்டதும் அதே சிலிண்டர் மறுபடி நன்றாக எரியும். விடிகாலையில் காலி என்று நினைத்துத் திறந்தபடி விட்ட குழாயில் மத்தியானம் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் வீட்டு ஆளே செய்யலாம். குழாயில் கை வைப்பது ஏஜென்சி மெக்கானிக் வேலை. அவர் வரும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. எங்களுக்கு வந்த அண்ணன் நிதானமான ஆள். ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்பினார், ஒற்றை ஸ்பேனரோடு இழுத்தால் சுவருக்குள் இருக்கிற செம்புக் குழாய் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். ஹீட்டரை நகர்த்திவிட்டு, வால்வின் வாயில் பித்தளை மூடி ஒன்றை மரையேற்றினார். அதோடு அவர் கிளம்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் நான் கேட்காமலே, "தம்பி, சுவத்துக்குள்ள யாருக்கும் தெரியாம ஒரு குழாய் கேஸோட நிக்க வேணாம்" என்று சமையலறைக்குப் போய் அந்த டீயையே கழற்றி, நேர் ஜாயிண்ட் போட்டு, ஹாலுக்குப் போகிற கிளையை அங்கேயும் அடைத்துவிட்டார். இதுதான் முழுசான வேலை. வால்வை மூடுவது ஒரு பூட்டு, வாயை அடைப்பது இரண்டாவது பூட்டு, கிளையையே பிரித்துவிட்டால் அந்தப் பக்கம் கேஸ் போவதற்கு வழியே கிடையாது.

அப்புறம் சோப்புத் தண்ணீர். சிலிண்டரை மறுபடி மாட்டித் திறந்து, ஒவ்வொரு ஜாயிண்டிலும் பிரஷ்ஷால் நுரையைத் தடவி ஒரு நிமிஷம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நேர் ஜாயிண்டின் ஒரு ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி, உடைந்து, அதே இடத்தில் திரும்ப ஊதியது. காதுக்குச் சத்தம் இல்லை, மூக்குக்கு நாற்றம் இல்லை. ரெகுலேட்டரை மூடி, நட்டைக் கழற்றித் துடைத்து, திரும்ப இறுக்கி, திரும்ப நுரை தடவினார், நின்றுவிட்டது. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடாமலும் அணைக்காமலும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்கு அடியுங்கள், எந்த கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் அந்த எண்தான்.

இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கேஸ் குழாயில் வருகிறது. அங்கே கேஸ் வேலைக்குக் கூப்பிடுகிற ஆள் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது சட்டம், 2009இலிருந்து அந்தப் பதிவேடு நடப்பில் இருக்கிறது. இங்கே அந்தக் கட்டுப்பாட்டை நாமே நமக்குப் போட்டுக்கொண்டால் என்ன?

ஹீட்டரை எடுத்தபின் காலியான ஃபயர்பிளேஸைப் பார்த்ததும் விறகோ கரியோ போடத் தோன்றும். வருஷக்கணக்கில் புகை போகாத சிம்னியில் குருவிக்கூடு, சருகு, உதிர்ந்த காரை எல்லாம் அடைத்திருக்கும், சுத்தம் செய்து புகை மேலே போகிறதா என்று பார்க்காமல் பற்ற வைக்காதீர்கள். மூடிய அறையில் கரிக்கனலை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகள் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஊட்டி இருக்கிற 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், நெருப்புக்கும் நமக்கும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு.

சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் மலையிறக்கிக் கொண்டுபோகவில்லை. பழைய கனெக்‌ஷன் பேப்பரோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து, இணைப்பை முடித்துக்கொண்டதற்கான டெர்மினேஷன் வவுச்சர் கொடுப்பார்கள், அதைக் காட்டி மேட்டுப்பாளையத்தில் புது கனெக்‌ஷன் எடுத்துக்கொள்ளலாம். ஹீட்டரை மட்டும் சித்தப்பா விடவில்லை, கீழே எதற்கு என்று சித்தி கேட்டும் வண்டியில் ஏற்றிவிட்டார். வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும்போது ஹால் மூலையையும் சமையலறை ஜாயிண்டையும் போட்டோ எடுத்து அவர் போனுக்கு அனுப்பி, ஹாலில் இருக்கிற குழாயில் இனி எதையும் மாட்ட வேண்டாம், உள்ளே லைன் கிடையாது என்று எழுதியும் கொடுத்துவிட்டோம்.