வேளாங்கண்ணில அப்பாவைத் தொலைச்ச கதை

கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட வேளாங்கண்ணி போறது எங்க வீட்ல ரொம்ப வருஷப் பழக்கம், செப்டம்பர் திருவிழாக் கூட்டத்துல அப்பாவால நிக்க முடியாதுங்கறதால டிசம்பர்னு மாத்தினோம், ஆனா டிசம்பர் கூட்டமும் ஒன்னும் சளைச்சதில்ல. 2024லயும் 27ந்தேதி ராத்திரி தூத்துக்குடில வேன் புடிச்சோம். நான், வீட்டுக்காரி, பிள்ளைங்க ரெண்டு, அக்கா, அத்தான், அவங்க பையனுக ரெண்டு பேரு, அப்பா. மொத்தம் ஒம்போது பேரு. தொண்டி தாண்டி ஒரு டீ, திருத்துறைப்பூண்டில இன்னொரு டீ, விடியறப்ப கோயில் கோபுரம் வெள்ளையா தெரிஞ்சுது, வழக்கம் போல அக்கா அழுதா.

அப்பாவுக்கு 78 வயசு. ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. ரெண்டு வருஷமா மறதி. சாப்டத மறந்துட்டு திரும்ப கேப்பாரு, பேத்திய அக்கா பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அதனால இந்த தடவ கெளம்பும்போதே அத்தான் சொன்னாரு, மாமாவ யாராவது ஒருத்தர் எப்பவும் கையப் புடிச்சுக்கணும்னு. எல்லாரும் தலைய ஆட்டினோம். யாரு அந்த ஒருத்தர்னு மட்டும் யாரும் பேசிக்கல.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு ஒரு நேர்ச்சை இருந்துச்சு, பெரிய பையனுக்காக, என்னன்னு நான் கேக்கல. கோயில்லேர்ந்து மாதா குளத்துக்குப் போற புனிதப் பாதை மணல்ல முழங்கால் போட்டே போறேன்னு நேந்திருந்தா. பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த மணல்ல நடக்கறதே கஷ்டம், முழங்கால்ல போனா பத்து நிமிஷத்துல தோல் உரிஞ்சிரும், இருந்தும் மலையாளிங்க, ஆந்திராக்காரங்க, இந்துக்கள்னு வித்தியாசம் இல்லாம கையில மெழுகுதிரியோட போயிக்கிட்டேதான் இருப்பாங்க. என் வீட்டுக்காரியும் சின்னதுகளும் கடைத்தெருப் பக்கம், அத்தானும் பெரியவனும் மெழுகுதிரி வாங்க, நான் அக்கா பின்னாடி கொஞ்ச தூரம் போயிட்டு போன் வந்துச்சுன்னு ஒதுங்கிட்டேன்.

ஏழு மணிக்கு ரூம்ல எல்லாரும் வந்து சேந்தோம். சேந்த பிறகு தான் அத்தான் கேக்காரு, மாமா எங்கன்னு. உங்க கூட தான வந்தாருன்னு நான், இல்லையே உன் அக்கா கூடன்னு அவரு, நான் முழங்கால்ல போறேன் எப்டி அவரப் பாக்கன்னு அவ. வயித்துக்குள்ள ஒரு சில்லிப்பு வரும் பாருங்க, அது. போன் அடிச்சா கட்டிலுக்கு மேல சார்ஜர்ல கெடந்து அடிக்குது.

நான் நேரா கடற்கரைக்குத் தான் ஓடினேன். ஏன்னு கேட்டா சுனாமி. ரெண்டு நாளைக்கு முன்னாடி தான் இருவது வருஷம் முடிஞ்சிருந்துச்சு, சுனாமி நினைவிடத்துல வச்ச மாலை கூட வாடல, காலைல தான் போயி கும்பிட்டு வந்தோம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயித்துக்கிழமை, எங்களுக்கு மறுநாள் வரப்போன மாதிரியே அன்னிக்கும் திருக்குடும்ப விழா தான், இயேசு, மாதா, சூசையப்பர் குடும்பத்த நெனைச்சுக் கொண்டாடுற விழா. அன்னிக்கு வாசிச்ச நற்செய்தி என்ன தெரியுமா, மத்தேயு 2ம் அதிகாரம், சூசையப்பர் கனவுல தூதர் வந்து, எந்திரிச்சு பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு எகிப்துக்கு ஓடிப்போன்னு சொல்ற எடம். பூசைல இருந்தவங்க தப்பிச்சாங்க, மணல்ல நின்னவங்கள அலை கொண்டு போயிருச்சுன்னு அங்க உள்ளவங்க இன்னும் சொல்லுவாங்க. இதெல்லாம் சேந்து தலைக்குள்ள ஓட, இருட்டுல அலைப் பக்கம் நின்னு அப்பா அப்பான்னு கத்தினேன். பலூன் விக்கிறவன் திரும்பிப் பாத்தான், அவ்வளவு தான்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு, மொட்டை போடுற எடம், கோயில் மைக்ல அறிவிப்பு, திரும்ப கடற்கரை. ஒன்றரை மணி நேரம். கடைசில என் பொண்ணு தான் கண்டுபிடிச்சா. புனிதப் பாதை ஆரம்பிக்கிற எடத்துக்குப் பக்கத்துல, ஒரு சுவத்த ஒட்டி காலை நீட்டி உக்காந்திருக்காரு. மடில ஒரு ஜோடி செருப்பு. அந்த வழியா நானே ரெண்டு தடவ ஓடிருக்கேன், தூரமா எங்கயோ போயிருப்பாருன்னு நெனச்சதால பக்கத்துல பாக்கவே இல்ல.

நான் போன வேகத்துல கத்திட்டேன். உங்களுக்கு அறிவு இருக்கா, எல்லாரும் செத்துப் பொழச்சோம், இனிமே உங்கள எங்கயும் கூட்டிட்டு வரமாட்டேன்னு, சுத்தி இருந்தவங்கல்லாம் பாக்க. அப்பா பேசாம செருப்ப தூக்கிக் காட்டினாரு. "ஒங்கக்கா பாத்துக்கச் சொன்னா. இங்கனயே இருங்க வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனா. நான் எங்கயும் போகலயேல. நீங்கதான எங்கயோ போனீங்க."

அக்கா குனிஞ்சு தன் கால பாத்தா. வெறுங்காலு. குளத்துலேர்ந்து கடைத்தெரு வழியா ரூம் வரைக்கும் வெறுங்காலோடயே வந்திருக்கா, நேர்ச்சை முடிஞ்ச சந்தோஷத்துல அவளுக்கு அது உறைக்கவே இல்ல. மறந்தது அவரில்ல.

மறுநாள் 29, ஞாயிறு, திருக்குடும்ப விழா. கோயில்ல வாசகங்க மூணு வருஷத்துக்கு ஒருக்க சுத்தி வரும், அது லூக்கா நற்செய்தி வருஷம், அதனால வாசகம் லூக்கா 2ல 41லேர்ந்து 52 வரைக்கும். பன்னெண்டு வயசு இயேசுவ எருசலேம்ல தொலைக்கிற பகுதி. எனக்கு முந்தின நாளே தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்.

முதல் வாசகம் சீராக்கின் ஞானம் 3ம் அதிகாரம். என் வீட்டுக்காரி சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டன்ட் குடும்பத்துலேர்ந்து வந்தவ, கல்யாணமான புதுசுல இந்த வாசகம் வரும்போதெல்லாம் எங்க பைபிள்ல இது இல்லையேன்னு சொல்லுவா, இப்ப சொல்றதில்ல. கிறிஸ்துவுக்கு ரெண்டு நூத்தாண்டுக்கு முன்னாடி ஒரு தாத்தா எபிரேயத்துல எழுதினத பேரன் எகிப்துல உக்காந்து கிரேக்கத்துல மொழிபெயர்த்திருக்கான், முன்னுரைலயே என் பாட்டனார்னு எழுதி வச்சிருக்கான், எனக்கு அந்த விஷயம் ரொம்பப் புடிக்கும். வாசிச்ச பிள்ளை நிறுத்தி நிதானமா வாசிச்சுது. அப்பாவுக்கு வயசானா தாங்கு, அவரு மனசப் புண்படுத்தாதன்னு வந்துச்சு. அடுத்து, அவருக்கு அறிவு கொறைஞ்சாலும் பொறுமையா இரு, உனக்குத் தெம்பு இருக்குன்னு அவர எளக்காரமா பேசாதன்னு வந்துச்சு. அறிவுங்கற வார்த்தை வந்ததும் எனக்கு அங்கயே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. உங்களுக்கு அறிவு இருக்கான்னு நான் கேட்டு பன்னெண்டு மணி நேரம் கூட ஆகல. பக்கத்துல அக்கா மூக்க உறிஞ்சுற சத்தம். எல்லாரும் "இறைவா உமக்கு நன்றி"ன்னு சொன்னாங்க, எனக்கு வாயி வரல. அப்பா சத்தமா சொன்னாரு.

ரெண்டாம் வாசகம் கொலோசையர் 3. மனைவியரே கணவருக்குப் பணிந்திருங்கள்னு வந்ததும் நான் லேசா திரும்பிப் பாத்தேன், வீட்டுக்காரி முழங்கையால இடிச்சா. அடுத்த வரிலயே கணவர்களுக்கு இருக்கு, அதுக்கடுத்து பிள்ளைகளுக்கு, கடைசில பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீங்க, மனந்தளந்து போவாங்கன்னு. பொண்ணு என்னைப் பாத்தா. வேன்ல வரும்போது போன புடுங்கி வச்சிருந்தேன். சில கோயில்கள்ல இந்தக் கடைசி நாலு வரிய விட்டுட்டு சுருக்கமா வாசிக்கிற வழக்கம் உண்டு, அனுமதியும் உண்டு, இங்க முழுசா வாசிச்சாங்க. எல்லாருக்கும் ஒரு அடி கெடச்சதால நல்லது தான்.

நற்செய்திய சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன், ஆனா ஒரு விஷயம் அன்னிக்கு தான் காதுல விழுந்துச்சு. மாதாவும் சூசையப்பரும் ஒரு நாள் முழுக்க நடந்துட்டாங்க, பிள்ளை கூட்டத்துல தான இருக்கும்னு நெனச்சுக்கிட்டு. எருசலேம்லேர்ந்து நாசரேத்துக்கு 100 கிலோமீட்டருக்கு மேல, சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு கூட்டமா தான் போவாங்க, அவ கூட இருப்பான்னு இவரு, இவரு கூட இருப்பான்னு அவங்க. இது மட்டும் போதும் எனக்கு, அவங்களும் உங்க கூட தான வந்தான்னு கேட்டுட்டுத் தான் இருந்திருப்பாங்க. மூணு நாள் கழிச்சு கெடைக்கிறாரு. மாதா கேக்கற கேள்விய பாருங்க, உங்க அப்பாவும் நானும் எவ்வளவு தவிச்சோம் தெரியுமா மகனேன்னு கேக்கறா. அதுல அறிவு இருக்கான்னு இல்ல. ஏன் என்னைத் தேடுனீங்கன்னு அவரு திருப்பிக் கேக்கறாரு, அவங்களுக்கு அது புரியலன்னு லூக்கா ஒளிக்காம எழுதிட்டாரு. புரியலனாலும் கூட்டிட்டுப் போறாங்க, அவரும் நாசரேத்துக்குப் போயி பணிஞ்சு நடந்தாரு. (நாசரேத்துன்னு வாசிக்கும்போதெல்லாம் எங்க வீட்ல ஒரு சிரிப்பு, வீட்டுக்காரி ஊரே நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்து தான்.)

ஜெபமாலை சொல்லும்போது நெனைச்சு தியானிக்கிற சந்தோஷ தேவ ரகசியத்துல, காணாமப் போன இயேசுவ கண்டடைஞ்சது அஞ்சாவது. இதே காணாமப் போனது தான் மாதாவோட ஏழு வியாகுலத்துல, அதாவது துக்கத்துல, மூணாவது. ஒரே சம்பவம் ரெண்டு பட்டியல்லயும் இருக்கறத இத்தனை வருஷமா சொல்லிச் சொல்லியே வந்திருக்கேன், யோசிச்சதில்ல.

பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் அப்பா கையப் புடிச்சேன், நேத்து கத்தினதுக்கு மன்னிச்சிருங்கப்பான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு நேத்து என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லாத மாதிரி, காப்பி குடிச்சோமான்னு கேட்டாரு. இல்லப்பான்னு சொல்லி வாங்கிக் குடுத்தேன். குடிச்சிருந்தோம், ரெண்டு தடவை.

சாயங்காலம் வேன் கெளம்புறப்ப அக்கா எல்லாரையும் எண்ணினா. அத்தான் எண்ணினாரு. நான் எண்ணினேன், யாரும் யாரையும் நம்பல. டிரைவர் பாத்துட்டு சிரிச்சாரு. வேன் ஸ்டார்ட் ஆனதும் முன் சீட்லேர்ந்து அப்பா திரும்பி விரல நீட்டி ஒவ்வொருத்தரா எண்ண ஆரம்பிச்சாரு. முடிச்சுட்டு டிரைவர் தோளத் தட்டி, தம்பி நிப்பாட்டு நிப்பாட்டுன்னாரு.

"ஏல, எட்டு தான் வருது. ஒரு ஆளு கொறையுதுல."

"உங்கள எண்ணலப்பா."

நம்பல. திரும்ப மொதல்லேர்ந்து எண்ணினாரு.