அயிரைக்காக மணல் தேடிய கதை

என் வீட்டு மீன் தொட்டி இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டது. அதன் அடியில் எதைப் பரப்புவது என்ற கேள்விக்கு ஐந்து ஆண்டுகளில் மூன்று விடைகளைக் கண்டேன். முதல் விடையைக் கண்ணுக்கு எது அழகு என்று பார்த்தும், இரண்டாவதைப் படித்ததை நம்பியும் தேர்ந்தேன். மூன்றாவதைத்தான் அடியில் வாழப்போகும் மீனையும் எங்கள் பகுதித் தண்ணீரையும் பார்த்துத் தேர்ந்தேன்.

முதலில் பரப்பியது வெள்ளைப் பளிங்குச் சில்லுகள். செடி விற்கும் இடங்களில் தொட்டிகளின் மேல் அலங்காரமாகத் தூவி வைத்திருப்பார்களே, அதே கல்தான். கருநீலப் பின்னணித் தாளுக்கு முன்னால் அது பார்க்க நன்றாகவே இருந்தது. அப்போது நான் வளர்க்க விரும்பியது நியான் டெட்ரா. அமேசான் ஆற்றுப் பகுதியின் சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் பிறந்த மீன் அது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ, காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு விட்டுப் போகும் உப்புத் தண்ணீர். அதனால் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரோடு கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து, கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவை, 4 டிகிரிக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினேன். மூன்று வாரம் கழித்துச் சொட்டு மருந்தால் சோதித்தபோது அது 8 டிகிரியாக ஏறியிருந்தது. சோதனை மருந்து கெட்டுவிட்டதென்று புதிய புட்டி வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றியிருந்தால் அந்தக் கல் பெரிதாக எதுவும் செய்திருக்காது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்பால் நிறைந்திருக்கிறது. நான் பாடுபட்டு மென்மையாக்கிய தண்ணீரில்தான் அது மெல்லக் கரைந்து, ஒரு பக்கம் நான் குறைத்ததை மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருந்தது. சில்லின் மேல் ஒரு கரண்டி வினிகரை விட்டுப் பார்த்திருந்தால் நுரைத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த இரண்டு நிமிடச் சோதனையை வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிப்பித் துண்டுகள் கலந்த கடற்கரை மணலும் பவளத் துகளும் இதே குணம் உடையவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்களுக்கு அது பொருந்தும், டெட்ராவுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, அக்வா சாயில் என்று விற்கப்படும் கறுத்த மண்ணுருண்டைகள். அவை தண்ணீரிலுள்ள கார்பனேட்டை ஈர்த்துக் கார அமிலக் குறியீட்டைக் (பி.எச்.) கீழே இறக்கும், செடி வேர்களுக்கு உணவாகும் என்று படித்து, விலையைப் பாராமல் வாங்கினேன். படித்தது உண்மைதான். ஆனால் அந்த ஈர்க்கும் திறனுக்கு ஓர் அளவு உண்டு. கடினமான தண்ணீரை வாராவாரம் மாற்றி ஊற்றினால் அது சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். டெட்ரா ஆசையை விட்ட பிறகு ஆர்.ஓ. தண்ணீருக்குச் செலவழிப்பதையும் நிறுத்தியிருந்தேன், ஆகவே என் தொட்டியில் அதுதான் நடந்தது. முதல் சில வாரங்களில் அந்த மண்ணிலிருந்து அம்மோனியா கசியும் என்பதால் மீன் விடாமல் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புக்குக் கிடைத்த பலன், ஓராண்டு முடிவில் உருண்டைகள் நசுங்கிச் சேறானதுதான். மென்னீர் உள்ள ஊர்க்காரர்களுக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம். மதுரைக் கிணற்றுத் தண்ணீருக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது தேர்வு அயிரையால் வந்தது. சிறுவயதில் அப்பாவோடு கரிமேடு மீன் சந்தைக்குப் போகும் நாட்களில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நெளிந்து துள்ளும் அயிரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். குழம்பில் போடுவதற்காக உயிரோடு விற்கப்படும் அந்த விரல் நீள மீனைத் தொட்டியில் வளர்த்தால் என்ன என்ற எண்ணம் நாற்பது வயதில் வந்தது. சந்தையில் எட்டு மீன் மட்டும் போதும் என்றபோது, விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்து, "எட்டு அயிரைய வச்சு என்னத்தக் கொழம்பு வைப்பீக தம்பி?" என்று கேட்டார். வளர்க்கப் போகிறேன் என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். இரக்கமா கேலியா என்று தெரியவில்லை.

அயிரைக்கு மணல் வேண்டும் என்பதை எந்த மீன் வளர்ப்பு நூலும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் அடுப்படியே சொல்லும். சமைப்பதற்கு முன் அயிரையைப் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டுவைப்பது இங்கே வழக்கம். அப்போதுதான் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கும் என்பார்கள். அந்த மீன் மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள உணவைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே வெளியே தள்ளும். பயம் வந்தால் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் புதைந்துகொள்ளும். வாயைச் சுற்றி மெல்லிய மீசைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட மீனைக் கூரான கல்லின் மேல் விடுவது, செருப்பில்லாதவனை முள்காட்டில் நடக்கச் சொல்வதற்குச் சமம்.

ஆகவே மணல். ஆனால் எந்த மணல்? வைகை வீட்டுக்கு மிக அருகில் இருந்தாலும், அனுமதியின்றி ஆற்றில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். ஒரு வாளிதானே என்று ஒவ்வொருவரும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தவிர, நகரத்துக்குள் ஓடும் வைகையில் சாக்கடையும் கலக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் குவிந்து கிடக்கும் எம்-சாண்ட் எளிதாகக் கிடைக்கும். கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துச் செய்யப்படுவது என்பதால் அது தண்ணீரின் கடினத்தன்மையைப் பெரிதாக மாற்றாது. இடர் அதன் வடிவத்தில் இருக்கிறது. ஆற்று மணலின் ஓரங்களைத் தண்ணீர் நெடுங்காலம் உருட்டி மழுக்கியிருக்கும். நேற்று உடைத்த கல்துகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

கடைசியில் கிடைத்தது, தண்ணீர் வடிகட்டும் தொட்டிகளுக்குள் நிரப்பப் பயன்படும் சிலிக்கா மணல். சுத்திகரிப்புக் கருவிகள் விற்கும் கடைகளில் மூட்டையாகத் தருகிறார்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால் வினிகரில் நுரைப்பதில்லை. ஒரே அளவாகச் சலிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பருமனைக் கேட்டு வாங்கினேன். மாவு போன்ற மணல் இறுகிப் போகும். பருமனான கல்லில் இடுக்குகளுக்குள் தீவனம் விழுந்து அழுகும். மணலின் நிறம் மங்கிய மஞ்சள், கண்மாய்க் கரை போல. பளிச்சென்று வண்ணம் பூசிய கற்களோடு ஒப்பிட்டால் அழகு குறைவுதான்.

எவ்வளவு தேவை என்பது எளிய கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் என்றால் 9,000 கன செ.மீ., அதாவது 9 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ என்பதால் பதினான்கரை கிலோ ஆகிறது. அலசுவது மட்டும் எளிதன்று. மொட்டை மாடியில் வாளி வாளியாக அலசியபோது பன்னிரண்டாவது தண்ணீரில்தான் கலங்கல் அடங்கியது. அந்தக் கலங்கல் தண்ணீரை என் தாயார் முருங்கைக்கு ஊற்றச் சொன்னார்.

மணலை ஐந்து செ.மீ.க்கு மேல் போடவில்லை. ஆழமான மணலுக்குள் ஆக்சிஜன் இறங்காமல், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகக்கூடும். சித்திரை வெயிலில் என் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. தண்ணீர் சூடாக ஆகக் கழிவு விரைவாக அழுகும், கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். அதனால் வாரம் ஒருமுறை மூங்கில் குச்சியால் மூலைகளைக் கிளறிவிடுகிறேன். நடுப்பகுதியை அயிரைகளே பார்த்துக்கொள்கின்றன.

வெறும் மணலில் செடிக்கு உணவில்லை என்பது உண்மை. அதற்காகத் தொட்டி முழுவதும் மண் பரப்பாமல், சிறிய மண்சட்டிகளில் செம்மண்ணை இட்டு, மேலே இரண்டு விரற்கடை மணலால் மூடி, வல்லிஸ்னேரியாவை நட்டுச் சட்டியோடு புதைத்துவிட்டேன். கடினத் தண்ணீரைப் பொருட்படுத்தாத செடி அது. கரிசல் மண் வேண்டாம். அதில் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்திருக்கும், மறுபடியும் பளிங்குக் கதைதான்.

பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்குமாறு மணலைச் சரித்து வைத்தேன். பத்து நாளில் அயிரைகள் அதைச் சமதளமாக்கிவிட்டன. இருமுறை சரிசெய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பகலில் தொட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு மணலும் செடியும் மட்டுமே தெரியும். உற்றுப் பார்த்தால் மணல் மட்டத்தில் இரண்டு கண்கள் இருக்கும். எட்டு மீனையும் ஒருசேர நான் பார்த்தது ஒரே ஒரு முறை. வைகாசியில் ஒரு நண்பகல் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்று, காற்றுக் குழாயும் நின்றிருந்தது. வேலையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், எட்டும் மாறி மாறி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தன.