26ஆவது கிழமைக் கூட்டம்

நோர்வேயில் சுகயீன விடுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், முழுச் சம்பளமும் கிடைக்கும். முதல் 16 நாள் முதலாளியின் பொறுப்பு, அப்புறம் அரசு. 26 கிழமைக்குள் அவரையும் முதலாளியையும், தேவைப்பட்டால் மருத்துவரையும் அழைத்து ஒரு கூட்டம் வைக்க வேண்டும். ஒரு சிறிய ஊரின் நலன்புரி அலுவலகத்தில் அந்தக் கூட்டங்களை நடத்துவதுதான் என் வேலை.

முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஒரு தமிழ் அம்மா வந்திருந்தார். தோளில் வலி. (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) நான் எடுத்த எடுப்பிலேயே, "ஏன் இன்னும் 100 வீத விடுப்பு?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அதன் பிறகு கூட்டம் முழுக்க அவர் செய்தது ஒன்றுதான், தனக்கு வலி இருக்கிறது என்று நிரூபித்தது. கைப்பையிலிருந்து ஒவ்வொரு கடிதமாக எடுத்து வைத்தார், கையை உயர்த்திக் காட்டினார், என்ன வேலை முடியும் என்று யோசிக்க அவருக்கு நான் இடமே விடவில்லை. வெளியே நடைபாதையில் வைத்துத் தமிழில் கேட்டார்: "தங்கச்சி, நான் நடிக்கிறன் எண்டு நினைச்சிட்டீங்களா?"

இரண்டு கிழமை கழித்து நானே தொலைபேசியில் அழைத்தேன். வலியில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, காலையில் வேலைக்குப் போனதிலிருந்து ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். மருந்து கொடுப்பது, காலை உணவு, பேச்சுத்துணை எல்லாம் முடியும். கட்டிலிலிருந்து தூக்குவதும் குளிப்பாட்டுவதும்தான் முடியாது. இதை அவரே சொன்னார். முதலாளி சம்மதித்தார், மருத்துவர் விடுப்பை 50 வீதமாகக் குறைத்தார்.

எங்கள் நடத்தை தோளைக் குணப்படுத்தாது, எவ்வளவு நன்றாகப் பேசினாலும் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். அதேபோல "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று கோப்பை ஒதுக்கிவைக்கிற இரக்கமும் கெடுதல்தான். மாதக்கணக்கில் யாரும் அழைக்காத வீட்டில் அந்த மனிதர் கிழமைகளை எண்ணிக்கொண்டிருப்பார், வருடம் முடிந்தால் வேறொரு உதவித்தொகை, பழைய வருமானத்தின் 66 வீதம்தான் என்ற பயத்தோடு.

முதல் கூட்டத்தைப் பற்றி அந்த அம்மாவின் கோப்பில் நான் எழுதியது இரண்டே சொல்: "ஒத்துழைப்புக் குறைவு." தன் கோப்பைப் பார்க்கும் உரிமை இங்கே எல்லோருக்கும் உண்டு. அவர் வாசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.